ஊரைக் காப்பவருக்கு யார் துணை?

புயல் வருகிறது என்று ரேடியோ சொல்கிறது. ஊர் மக்கள் மூட்டை கட்டுகிறார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறார்கள். குழந்தை குட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கடலை விட்டு விலகி வெகுதூரம் போய்விடுகிறார்கள்.

சிலர் மட்டும் போவதில்லை. போலீஸ்காரர் போவதில்லை. தீயணைப்பு வீரர் போவதில்லை. டாக்டரும் நர்சும் போவதில்லை. இவர்களை உலகம் பாராட்டுகிறது. பத்திரிகைகளில் இவர்கள் படம் வருகிறது.

இன்னொருவரும் போவதில்லை. அவர் படம் வருவதில்லை. அவர்தான் அந்த ஊரின் மேனேஜர்.

அமெரிக்காவில் புயலுக்கு "ஹரிக்கேன்" என்று பெயர். நம் வங்கக் கடலில் எழும் புயலும் அதுவும் ஒரே ஜாதிதான். பிறக்கும் கடல் வேறு. அதனால் பெயர் வேறு. அட்லாண்டிக் கடலில் ஜூன் 1-ந்தேதி முதல் நவம்பர் 30-ந்தேதி வரை அதன் காலம். அந்த ஆறு மாதமும் கடலோர ஊர் மேனேஜர்கள் வானத்தைப் பார்த்தபடியே இருப்பார்கள்.

யார் இந்த மேனேஜர்?

அமெரிக்காவில் பல ஊர்களில் ஓட்டுப் போட்டு நகர சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சபை முடிவு செய்யும். அந்த முடிவை நடத்தி வைக்கச் சம்பளத்துக்கு ஒருவரை நியமிக்கும். அவரே நகர மேனேஜர். குடிநீர், சாக்கடை, ரோடு, குப்பை, வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பு. பல ஊர்களில் போலீசும் தீயணைப்பும்கூட அவருக்குக் கீழேதான்.

நம் நகராட்சி ஆணையரைப் போல என்று சொல்லலாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் ஆணையரை மாநில அரசு அனுப்புகிறது. அவருக்கு உடம்பு முடியாவிட்டால் அரசு வேறொருவரை அனுப்பும். அங்கே அப்படி அல்ல. மேனேஜரை அமர்த்துவதும் சபைதான், நீக்குவதும் சபைதான். மேலே இருந்து மாற்று ஆளை அனுப்ப யாரும் இல்லை. அவர் சோர்ந்து விழுந்தால் நாற்காலி காலி.

இந்தப் பதவிக்கும் இயற்கையின் சீற்றத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

1900-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந்தேதி, டெக்ஸாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்ற தீவு நகரைப் புயல் தாக்கியது. கடல் ஊருக்குள் புகுந்தது. 6 ஆயிரம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். 12 ஆயிரம் என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் இயற்கைச் சீற்றம் ஒன்று இத்தனை உயிரைக் கொண்டுபோனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பழைய நகர சபையால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. 1901-ல் சபையையே மாற்றினார்கள். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு வந்தது. ஆளுக்கு ஒரு இலாகா. அவர்கள் கடலுக்குச் சுவர் எழுப்பினார்கள்; ஊரின் தரையையே மண் கொட்டி உயர்த்தினார்கள்.

1913-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒகையோ மாநிலத்தில் டேட்டன் நகரை வெள்ளம் மூழ்கடித்தது. அது புயல் அல்ல, மழை வெள்ளம். அங்கும் மக்கள் ஒரு பாடம் படித்தார்கள். அரசியல் சண்டை வேறு, ஊரை நடத்துவது வேறு என்று கண்டார்கள். மறு ஆண்டு ஜனவரியில் ஹென்றி வைட் என்ற இன்ஜினீயரை மேனேஜராக அமர்த்தினார்கள். அமெரிக்காவில் இந்த முறையை ஏற்ற முதல் பெரிய நகரம் டேட்டன்தான். வெள்ளம் கொடுத்த பதவி என்று சொன்னாலும் தவறில்லை.

வேலைக்கு வந்து இரண்டே வாரம்

மார்க் மெக்குயின் என்பவர் ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். புளோரிடா மாநிலத்தில் பனாமா சிட்டி என்ற கடலோர நகருக்கு 2018 செப்டம்பரில் மேனேஜராக வந்தார். ஆபீசில் யார் யார் என்று தெரிந்துகொள்ளவே நாள் போதாது. சுமார் இரண்டு வாரம் ஆனது.

அக்டோபர் 10-ந்தேதி "மைக்கேல்" புயல் வந்தது.

மணிக்கு 160 மைல் வேகம். முதலில் 155 மைல் என்றுதான் கணக்கிட்டார்கள். பிறகு ஆராய்ந்து, 2019 ஏப்ரலில் 160 என்று திருத்தினார்கள். அதாவது ஐந்தாம் ரகம். அதற்கு மேல் ரகம் இல்லை. 1992-ல் வந்த "ஆண்ட்ரூ" புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் கண்டப் பகுதியில் அப்படி ஒரு புயல் கரை ஏறியது அதுவே முதல் தடவை.

பக்கத்தில் உள்ள மெக்ஸிகோ பீச் என்ற சிறு ஊர் தரைமட்டம் ஆயிற்று. பனாமா சிட்டியில் வீதிக்கு வீதி மரங்கள் முறிந்து கிடந்தன. ஆஸ்பத்திரி சேதமாகி நோயாளிகளை வெளியூருக்குக் கொண்டுபோனார்கள். மின்சாரம் போயிற்று. செல்போனும் பேசவில்லை.

ராணுவத்தில் பழகியவர் என்பதால் மெக்குயின் தாங்கினார் என்று சொல்லலாம். ஆனால் எல்லா ஊருக்கும் மேஜர் ஜெனரல் கிடைப்பாரா? ஆயிரம் பேர் வாழும் ஊருக்கும் ஒரு மேனேஜர் இருக்கிறார். அவருக்குக் கீழே நாலு குமாஸ்தா, பத்துத் தொழிலாளி. அவ்வளவுதான்.

அந்த மேனேஜர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்.

காற்று நின்றுவிட்டது. நீங்கள் தூங்கி இரண்டு நாள் ஆயிற்று. உங்கள் வீட்டுக் கூரை இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. மனைவி மக்கள் எங்கோ வெளியூரில் இருக்கிறார்கள், போன் கிடைக்கவில்லை. உங்கள் தொழிலாளிகளில் பாதிப்பேருக்கும் அதே கதி. குடிநீர் பம்பு ஓடவில்லை. சாக்கடை பொங்குகிறது. பாலம் ஒன்று ஆடுகிறது. அதில் ஆம்புலன்சை விடலாமா கூடாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாசலில் கூட்டம். "எங்களுக்கு எப்போது கரண்டு வரும்?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலான ஊர்களில் கரண்டு கொடுப்பது தனியார் கம்பெனி. மேனேஜருக்கு அதில் அதிகாரமே கிடையாது. ஆனாலும் ஏச்சுப் பேச்சு அவருக்குத்தான்!

அந்த நேரத்தில் ஒரு கண்டிராக்டர் வருகிறார். கையில் ஒப்பந்தம். "இப்போதே கையெழுத்துப் போட்டால் நாளைக் காலையில் 50 லாரி வரும்" என்கிறார்.

போடுவீர்களா, மாட்டீர்களா?

புயலைவிடப் பெரிய புயல்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. புயல் சில மணி நேரம் அடிக்கும். அதன் பிறகு வரும் கணக்கு வழக்கு பல வருஷம் அடிக்கும்.

அமெரிக்காவில் மத்திய அரசுக்கு ஓர் இலாகா உண்டு. 1979-ல் ஏற்பட்டது. சுருக்கமாக "ஃபெமா" என்பார்கள். ஜனாதிபதி ஒரு புயலைப் பெரும் பேரிடர் என்று அறிவித்தால் ஊர்களுக்கு உதவிப் பணம் கிடைக்கும். குப்பை அகற்றுவது, ரோடு போடுவது, பம்பு பழுது பார்ப்பது போன்ற செலவில் 100 டாலருக்கு 75 டாலருக்குக் குறையாமல் மத்திய அரசு தரும்.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலும் முதலில் ஊர் செலவு செய்ய வேண்டும். பிறகு ரசீது காட்ட வேண்டும். அதற்குப் பிறகு பணம் வரும். எப்போது வரும்? மாதங்கள் ஆகும். சில கணக்குகளுக்கு வருஷங்களும் ஆகும்.

மெக்ஸிகோ பீச் போன்ற ஊருக்குக் குப்பை அள்ளும் செலவு மட்டுமே ஒரு வருஷ வருமானத்தைப் போலப் பல மடங்கு. வீடுகள் போய்விட்டதால் வீட்டு வரியும் போயிற்று. கடைகள் மூடியதால் விற்பனை வரியும் போயிற்று. கையில் காசில்லாதவனிடம் "முதலில் நீ கொடு, பிறகு நான் தருகிறேன்" என்றால் அவன் எங்கே போவான்? வட்டிக்குத்தான் போவான்.

ரசீது என்றேன். அது சாதாரண ரசீது அல்ல. குப்பை லாரி ஒவ்வொன்றையும் அளந்து, அது எவ்வளவு கொள்ளும் என்று அதன் மேல் எழுத வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சீட்டு. எந்த வீதியில் ஏற்றியது, எங்கே கொட்டியது, எத்தனை மணி, லாரி நிறைந்திருந்ததா, முக்கால்தானா? இதைப் பார்க்க உயரமான மேடை கட்டி, மேலே ஓர் ஆளை நிறுத்தி, லாரிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். பொது வீதியில் கிடந்த மரமா, ஒருவர் தோட்டத்துக்குள் கிடந்த மரமா என்பதும் முக்கியம். தோட்டத்து மரத்துக்குச் சாதாரணமாகப் பணம் கிடையாது.

சீட்டு தவறினால் பணம் தவறும். கொடுத்த பணத்தையே பிறகு திருப்பிக் கேட்பதும் உண்டு. தூங்காத மனிதர் இரண்டாம் நாள் செய்த பிழைக்கு, மூன்று வருஷம் கழித்து ஊரே அபராதம் கட்டுகிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. பனாமா சிட்டிக்குப் பக்கத்தில் லின் ஹேவன் என்று ஓர் ஊர். அங்கும் மைக்கேல் புயல் அடித்தது. குப்பை அகற்றுவதிலேயே மோசடி நடந்ததாக வழக்கு வந்தது. ஊர் மேனேஜராக இருந்தவரே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்! ஊர் அழுதுகொண்டிருந்தபோது ஊர்ப் பணம் போயிற்று. இது நடந்த பிறகு கணக்குக் கேட்காதே என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே மேனேஜரை நம்பு என்று மட்டும் சொன்னால் போதாது. மேனேஜரை நம்பாதே என்று சொன்னாலும் ஊர் நடக்காது. அவர் பக்கத்தில் இன்னொருவரை உட்கார வை என்பதே நம் கட்சி.

யாரை உட்கார வைப்பது?

ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். டெலிவிஷன்காரர் வருவார். அரசியல்வாதி ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார். அவர் வரும்போது மேனேஜர் வேலையை விட்டுவிட்டு எதிர்கொண்டு போக வேண்டும். நல்ல மனசோடு சொல்லாமல் கொள்ளாமல் வரும் தொண்டர்களுக்கும் படுக்க இடம், சாப்பிடச் சோறு இந்த ஊர்தான் தேட வேண்டும். இவை எல்லாம் துணை அல்ல, சுமை.

உண்மையான துணை இன்னொரு ஊர் மேனேஜர்தான். அவருடைய ஊரில் முன்பு புயல் அடித்திருக்க வேண்டும். லாரிச் சீட்டு என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வந்து, "ஐயா, நீங்கள் எட்டு மணி நேரம் தூங்குங்கள். அதுவரை இந்தப் போனை நான் எடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கம்! ஒரு கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி உண்டா?

அவர் இன்னொரு ஜோடிக் கண்ணும்கூட. இருவர் படித்துப் பார்க்கும் ஒப்பந்தத்தில் ஏமாற்றுவது கடினம்.

இப்படி உதவ அமெரிக்காவில் வழிகள் இல்லாமல் இல்லை. ஆண்ட்ரூ புயல் அடித்த பிறகு தென் மாநிலங்கள் கூடிப் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு மாநிலத்துக்கு ஆபத்து வந்தால் மற்ற மாநிலம் ஆளும் கருவியும் அனுப்பும். செலவைப் பிறகு வாங்கிக்கொள்ளும். 1996-ல் காங்கிரஸ் சபை இதற்குச் சம்மதம் கொடுத்தது. இன்று 50 மாநிலங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. புளோரிடாவுக்குள் ஊருக்கு ஊர் உதவவும் தனி ஒப்பந்தம் இருக்கிறது.

மேனேஜர்களுக்கென்று ஒரு சங்கமும் இருக்கிறது. 1914-ல் ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற மேனேஜர்கள் ஊர் ஊராகப் போய், வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஆலோசனை சொல்கிறார்கள். இதற்கு அவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. சபையிடம் சொல்ல முடியாத கவலையை, மனைவியிடம்கூடச் சொல்ல முடியாத பயத்தை, இப்படி ஒருவரிடம் சொல்லலாம் அல்லவா?

ஆனால் ஒரு குறை. தீயணைப்பு இன்ஜினை அனுப்பு என்று கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை. கரண்டுக் கம்பி போட ஆள் அனுப்பு என்று கேட்கவும் வெட்கப்படுவதில்லை. "எனக்குப் பதில் உட்கார ஓர் ஆள் அனுப்பு" என்று கேட்க மட்டும் மேனேஜர் வெட்கப்படுகிறார். திறமை இல்லாதவர் என்று சபை நினைத்துவிடுமே என்று பயப்படுகிறார். சபைதானே அவர் வேலையைக் கையில் வைத்திருக்கிறது!

அந்த வெட்கத்தைப் போக்க வேண்டியது சபைதான். புயல் வருவதற்கு முன்பே, "நீங்கள் துணைக்கு ஆள் கேட்க வேண்டும், கேட்காவிட்டால்தான் குற்றம்" என்று தீர்மானம் போட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மலை மேல் வந்த புயல்

கடலோர ஊர்களுக்குத்தானே இந்தக் கவலை என்று நினைத்தவர்களும் உண்டு. அந்த எண்ணம் 2024-ல் பொய்த்தது.

வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் ஒரு மலை நகரம். கடல் மட்டத்துக்கு மேல் 2 ஆயிரம் அடி உயரம். கடல் 200 மைலுக்கும் அப்பால். 2024 செப்டம்பர் 26-ந்தேதி இரவு புளோரிடாவில் கரை ஏறிய "ஹெலீன்" புயல், மறுநாள் இந்த மலைகளில் மழையைக் கொட்டியது. ஏற்கெனவே மழையில் ஊறிய மண். ஆறுகள் 1916-ம் ஆண்டு வெள்ளத்தையும் மிஞ்சின. வட கரோலினாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அப்போது ஆஷ்வில் நகர மேனேஜர் டெப்ரா கேம்பெல். அந்தக் கவுண்டிக்கு, அதாவது சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் சேர்ந்த வட்டாரத்துக்கு, மேனேஜர் ஏவ்ரில் பிண்டர். இருவரும் பெண்கள்.

நகருக்குத் தண்ணீர் வருவது மலையில் உள்ள ஒரு பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து. அங்கிருந்து வரும் பெருங்குழாய்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. 2004-ல் ஒரு வெள்ளம் வந்து குழாய் உடைந்தது. அதனால் இனி இப்படி ஆகக்கூடாது என்று மாற்றுக் குழாய் ஒன்று புதைத்திருந்தார்கள். அதுவும் போயிற்று! முன்யோசனை இல்லை என்று இந்த ஊரைக் குறை சொல்ல முடியுமா?

குழாய்களை மறுபடி போட்டார்கள். அக்டோபர் நடுவில் பல வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் அது செம்மண் குழம்பு. கழிப்பறைக்கு ஊற்றலாம், குடிக்க ஆகாது. நீர்த்தேக்கமே கலங்கிப்போயிருந்தது. நம் பாட்டிமார் குடத்துத் தண்ணீர் கலங்கினால் படிகாரம் போடுவார்கள் அல்லவா? அதே படிகார மருந்தைத்தான் அந்த ஏரியில் கலந்தார்கள். ராணுவ இன்ஜினீயர்கள் வந்து உதவினார்கள். தெளியத் தெளியக் காத்திருந்தார்கள்.

நவம்பர் 18-ந்தேதி குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று அறிவித்தார்கள். 53 நாள்.

அந்த 53 நாளும் வெளியூர்களிலிருந்து குழாய் வேலைக்காரர்கள் வந்தார்கள், இன்ஜினீயர்கள் வந்தார்கள், தண்ணீர் லாரிகள் வந்தன. இடையில் அக்டோபர் 9-ந்தேதி "மில்டன்" என்ற இன்னொரு புயல் புளோரிடாவைத் தாக்கியது. ஹெலீன் அடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஹெலீன் குப்பையே அள்ளி முடியாத ஊர்கள் மறுபடி ஜன்னலுக்குப் பலகை அடித்தன. அந்த ஊர் மேனேஜர்கள் எப்போது தூங்கினார்களோ!

இப்படி இரட்டை அடி விழும்போது பக்கத்து ஊரிடம் உதவி கேட்க முடியாது. பக்கத்து ஊரும் விழுந்து கிடக்கிறது. தூரத்து ஊர்தான் வர வேண்டும். ஆகவே துணை மேனேஜரை முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும். அதுவும் ஒரே புயல் இரண்டு ஊரையும் அடிக்காத தூரத்தில் தேட வேண்டும்.

இதற்குப் பெரிய சட்டம் தேவையில்லை. ஒரு தாள் போதும். ஜூன் 1-ந்தேதிக்குள் ஒவ்வொரு கடலோர ஊரும், ஒவ்வொரு மலை ஊரும் அந்தத் தாளை எழுதி முடிக்கட்டும். வரப்போகிறவர் யார்? அவர் வராவிட்டால் அடுத்தவர் யார்? கண்டிராக்டரோடு ஒப்பந்தம் வெயில் காலத்திலேயே, நிதானமாக விலை பேசிக் கையெழுத்தாகிவிட்டதா? லாரிச் சீட்டுகளை எழுதப் பழகிய குமாஸ்தா இருக்கிறாரா? முதல் மாதச் செலவுக்கு மாநில அரசு முன்பணம் கொடுக்குமா? மேனேஜர் வீட்டுக் கூரைக்குத் தார்ப்பாய் போட யார் போவார்கள்?

கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தன் வீடு நனைகிறது என்று தெரிந்தவர், ஊர்க் கணக்கில் மனம் வைக்க முடியாது.

துணைக்கு வருகிறவருக்கும் ஒரு வார்த்தை. படுக்கையும், ஒரு வாரத்துச் சாப்பாடும், குடிதண்ணீரும் கையோடு கொண்டு வாருங்கள். புயல் அடித்த ஊரில் லாட்ஜு திறந்திருக்காது.